ரம்பம் போன வழி

திங்கட்கிழமை. ஆஸ்லோவில் காலை ஒன்பதாகியும் இருட்டு.
அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.
மேசையில் ஐந்து தாள்கள்,
ஒரே மரக்கட்டையின் ஐந்து அச்சுகள்.
முதுகு காட்டிக் கரையில் நிற்கிறார்கள்
ஒரு பெண்ணும் ஓர் ஆணும்.
ஒன்றில் கடல் நீலம். ஒன்றில் பாசி.
மூன்றாவதில் அவள் கூந்தலுக்கு மட்டும்
செங்கல் நிறம் வாய்த்திருக்கிறது.
ஐந்திலும் அவர்கள் திரும்பவில்லை.

என் வேலை சின்னது.
ஈரக்கறை, மடிப்பு, பூச்சி தின்ற ஓட்டை
எண்ணிப் படிவத்தில் எழுதவேண்டும்.
பிழைப்பது பிழைக்கட்டும் என்பதுபோல
ஓவியங்களை வெட்டவெளியில்
பனிக்கும் காக்கைக்கும் விட்டுவைத்த மனிதரின் தாள்கள் இவை.
நானோ தும்மல் வந்தால்
அடுத்த அறைக்கு ஓடுகிறேன்.

விளக்கு மாற்ற வந்த ஒட்லைஃப்
ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார்.
"இவங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

சொன்னேன்:
கட்டையை ரம்பத்தால் அறுத்து,
கரையும் ஆணும் ஒரு துண்டு,
கடல் ஒரு துண்டு,
பெண் தனித் துண்டு.
தனித்தனியே மை தடவி
மறுபடி பொருத்தி அழுத்தினால்
ரம்பம் போன வழி வெள்ளையாக விழும்.
எவ்வளவு நெருக்கினாலும் விழும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்பா செத்ததும்
நானும் ஆர்ன்விதும் படகை அறுத்தோம்.
நடுவுல, அளந்து.
முன்பாதி என் கொல்லையில நிமிர்ந்து நிக்குது,
மண்வெட்டி வைக்க.
பின்பாதியில அவன் கோழி வளர்க்கிறான்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
உருப்பெருக்கியை அவரிடம் நீட்டினேன்.
பாருங்கள், மரத்தின் ரேகை.
வானத்தில் தொடங்கி
அவள் தோளுக்குள் இறங்கி
வெள்ளைக் கோட்டில் அறுந்து
அந்தப் பக்கம்
அதே உயரத்தில், அதே சாய்வில்
கடலாகப் போகிறது.
ஒரே மரம்.

"எங்க படகும் ஒரே மரந்தான்"
என்றார் ஒட்லைஃப்.
"அதுக்கு என்ன இப்போ?"
ஏணியில் ஏறிவிட்டார்.

பழைய விளக்கு கழன்ற நொடியில்
ஐந்து கடலும் ஒன்றாகக் கறுத்தன.
இருட்டில் தெரிந்தது
அவளைச் சுற்றிய அந்தக் கோடு மட்டும்,
அல்லது தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டது.

புது வெளிச்சத்தில் படிவத்தை நிரப்பினேன்.
தாள் மூன்று, இடது மூலை: பழுப்புக் கறை.
தாள் ஐந்து: ஊசிமுனை அளவு துளை.
பிளவு என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
இல்லை என்று எழுதினேன்.
பிறகு, இடம் மிச்சமிருந்ததால்,
அச்சிலேயே உள்ளது என்றும்.