பத்து நிமிடக் கருக்கல்

பதினொன்றேகாலுக்கு
சிப்காட் பஸ் என்னை வண்டிப்பாளையம் முனையில்
உதிர்த்துவிட்டுப் போகும்.
கையில் காலி டிபன் டப்பா, சட்டையில்
இன்னதென்று சொல்ல வராத ஒரு நெடி.
கதவைத் திறந்ததும் கை தானாகப் போய்
டியூப்லைட்டைத் தட்டும்.
உடனே கேட்கும்:
டிக். டிக்டிக்.
ஸ்டார்ட்டர் என்றே நினைத்திருந்தேன் நாலு மாதம்.
புதுசுகூட வாங்கி மாட்டினேன்.

ஆவணியில் ஒருநாள் காலை
எட்டு நியான் டெட்ராக்களில் ஒன்று
செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில்
புளியங்கொட்டைத் தோல்போலக் காய்ந்து கிடந்தது.
மூக்கில் வெள்ளையாய் ஒரு சிராய்ப்பு.
மற்ற ஏழையும் குனிந்து பார்த்தேன்.
ஐந்துக்கு இருந்தது.

இமை கிடையாது அதற்கு.
தெரியாத சங்கதியா?
குழம்புத் தட்டில் எத்தனை முறை
அந்தக் கண்ணோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.
தெரிவது வேறு.
மூட ஒன்றுமில்லாத கண்ணில்
நாற்பது வாட்ஸ் வந்து விழுவது வேறு.

அதற்குப் பிறகு
இருட்டிலேயே செருப்பைக் கழற்றுகிறேன்.
பின்பக்கத்துக் குளியலறை விளக்கை மட்டும் போட்டு
கதவை ஒரு சாண் திறந்து வைக்கிறேன்.
வெளிச்சம் தரையோடு ஊர்ந்து வந்து
தொட்டியின் சரளைக்கல்லைத் தொடுவதற்குள்
முகம் கழுவி முடித்திருப்பேன்.
பத்து நிமிடம் விட்டுச் சமையற்கட்டு.
ஹால் டியூப்லைட்டை இரவில் தொடுவதே இல்லை.
காலையிலும் அப்படித்தான்:
முதலில் ஜன்னல், அரைமணி கழித்து
தொட்டிக்கு மேலுள்ள விளக்கு.

கரண்ட் போனால் எழுந்துபோய்
எல்லா சுவிட்சையும் அணைக்கிறேன்.
எதிர்வீட்டு வேதமணி சிரிக்கிறார்:
"போன கரண்ட்ட எதுக்குய்யா அணைக்கிற?"
போனது சும்மாவா வரும்?
ரெண்டு மணிக்கு, ஒரே மூச்சில்,
எல்லா விளக்கிலும் வந்து குதிக்கும்.

ஒரு ஞாயிறு
கடல் இதை எப்படிச் செய்கிறதென்று பார்க்க
தேவனாம்பட்டினம் போனேன்.
நாலேமுக்காலுக்கு நுரை மட்டும் தெரிந்தது.
பிறகு ஒரு படகின் மூக்கு.
பிறகு வலை உதறும் கை.
அந்தக் கைக்கு முகம் வர
இருபது நிமிடம் ஆனது.
வைகறை, கருக்கல், வெள்ளாப்பு, விடியல் என்று
மொழியில் படிப்படியாய் வைத்திருக்கிறோம்.
சுவரில் இருப்பது ரெண்டு:
கீழே, மேலே.

அந்த வாரம்தான் சுகிர்தா
காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்,
"நேத்து எப்ப வந்த?"
நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.
ஹாலில்தான் படுப்பாள், ஃபேன் அங்கேதான் நன்றாகச் சுற்றும்.
விஷயத்தைச் சொன்னேன்.
டம்ளரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பதினொரு வருஷமா
போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிறேனே,
அது எதுக்குன்னு நெனச்ச?"

கொசுவுக்கு என்று நினைத்திருந்தேன்.
சொல்லவில்லை.

இருட்டில் டெட்ரா வெளுத்துக் கிடக்கும்.
எனக்கு அது முன்பு தெரியாது;
நான் பார்த்ததெல்லாம் வெளிச்சத்தில் பதறும் நீலம்.
இப்போது தட்டோடு தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.
வாலுக்குப் பக்கத்தில் முதலில் ஒரு சாம்பல்,
அது கொஞ்சம் சிவந்து,
அப்புறம் யாரோ மெல்ல இழுப்பதுபோல்
கண்வரை அந்த நீலக் கோடு.
சோறு ஆறினால் ஆறட்டும்.

ஒன்று மட்டும் இன்னும் முட்டுகிறது.
வெளிச்சத்துக்கு இல்லை.
பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்கே
டிக் என்கிறது.

நேற்று பூட்டுக்கு
ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டேன்.