ஈரச் சுவர்

தாராவி, தொண்ணூறடி ரோடு.
தையல் கடைக்கு மேலே எங்கள் சபை.
ஜூலையில் தெருத்தண்ணீர் முழங்காலைத் தொடும்,
பாதிப் பேர் வர முடியாது.
அதற்காகத்தான் போன் வாங்கினோம்,
கிளிப் மைக்கோடு, தவணையில்.

வசந்தராணி முழங்காலில் இருந்தாள்.
"மகன் கஞ்சாவை விடணும் பாஸ்டர்."
என் காதுக்கு மட்டும் சொன்னாள்.
நான் மைக்குக்குச் சொன்னேன்,
பேரோடு.
கை அவள் தலையில், கண் திரையில்:
நானூற்றுப் பன்னிரண்டு.
நானூற்று முப்பது.

செவ்வாய்க்கிழமை, மாட்டுங்காவில்
அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டில்
போனைத் திருப்பிக் காட்டினார்களாம்.
இது நீதானே?
வேலை போனது.
மூன்று நாள் மகனும் வீடு வரவில்லை.

வீடியோவை அழித்தேன்.
நாசரேத்திலிருந்து மச்சான்
அதையே எனக்கு அனுப்பினார்,
கைகூப்பும் பொம்மை ஆறு சேர்த்து.

போய், அவள் வீட்டு இரும்பேணியின்
அடியிலேயே நின்றேன்.
மேலிருந்து குரல் மட்டும் வந்தது:
"கர்த்தருக்குக் காது கேக்குமே பாஸ்டர்,
மைக் எதுக்கு?"

நிறுத்திவிடலாம்.
ஆனால் குவைத்தில்
இரவு டியூட்டி முடித்த சீருடையோடு
கட்டிலில் சாய்ந்து கேட்கிறாள் நர்ஸ் எப்சிபா.
அவளுக்கு வேறு ஞாயிறு இல்லை.

இப்போது ஜெப நேரம் வந்தால்
டெய்லர் மகன் மைக்கை அணைத்து
போனைச் சுவர் பக்கம் திருப்பிவிடுவான்.
ஒழுகி ஒழுகிக் கறுத்த சுவர்.
பல்லி வந்தால் உண்டு.
பார்ப்பவர்கள் முப்பத்தொன்று.
வசந்தராணி இன்னும் வரவில்லை.

போன வாரம் எப்சிபா எழுதினாள்:
"அந்த ஈரத்தப் பாத்துக்கிட்டே
என் விஷயத்தையும் சொல்லிட்டேன்."

என்ன விஷயம்மா என்று
டைப் பண்ணி,
அழித்தேன்.