ஐந்து மில்லிமீட்டர்

முதலிலேயே சொல்லிவிட்டேன்:
ஃபுல்வியோ, இந்தப் பலகை பாடாது.
ஐந்து மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான்.
அடியில் இருக்கிற ஆஷ் கட்டைதான்
அதிர்கிற வேலையெல்லாம் செய்யும்.
இது மேலே சும்மா படுத்துக்கொண்டு
உன்னிடம் எழுநூறு யூரோ வாங்கும்.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
காலையில் கொரிட்ஸியாவில் ஏதோ ஆஸ்பத்திரியில்
கூண்டின் தலைமேல் நின்று
கம்பிவடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு
அதே கிரீஸ் விரலோடு வந்திருந்தான்,
எல்லை தாண்டி, சைக்கிளில், பதினொரு நிமிடம்.
ஸ்பிரிட் நனைத்த துணியால்
பலகையை ஒரு துடை துடைத்தேன்.
பேச்சை நிறுத்தினான்.

வைரம் பாய்ந்த கட்டையில்லை இது.
சோச்சா நதியோரம் சாய்ந்து
இரண்டு மழைக்காலம் கிடந்து
பூசணம் பிடித்த மேப்பிள்.
இன்னொரு குளிர்காலம் விட்டிருந்தால்
ரவை மாதிரி அள்ளியிருக்கலாம்.
உள்ளே இரண்டு பூஞ்சைகள்.
ஒன்று இந்தப் பக்கமிருந்து தின்றுகொண்டு வர
மற்றது அந்தப் பக்கமிருந்து;
முட்டிக்கொண்ட இடத்தில் எழுப்பினவை
மயிரிழை அகலத்தில் ஒரு கரிய மதில்.
அந்தச் சண்டையைத்தான் நாங்கள்
அழகு என்று விலை வைக்கிறோம்.

இந்த இடத்தில் வாடிக்கையாளர் எவரும்
எங்கள் ஊர் எல்லையைப் பற்றி
ஒரு நகைச்சுவை சொல்வது வழக்கம்.
ஃபுல்வியோ சொல்லவில்லை.
கோட்டின்மேல் நகத்தை ஓட்டியபடி கேட்டான்:
மாய்தா, இதைப் பின்பக்கம் ஒட்ட முடியுமா?

பின்பக்கம்.
வயிற்றில் அழுந்தும் பக்கம்.
பெல்ட் கொக்கி கீறும் பக்கம்.

அப்போ முன்னால்?
கறுப்பு அடித்துவிடு. டிரம்ஸுக்கும் திரைக்கும் நடுவே நிற்கிறேன்,
விளக்கு எனக்குப் போடுவதில்லை.

வயிற்றுக்கு வளைவு வேண்டும்,
வளைக்க நீராவி வேண்டும், அறுபது யூரோ கூட ஆகும் என்றேன்.
ஆகட்டும் என்றான்.

ஒன்பது வாரம்.
முகமூடி போட்டுக்கொண்டு இழைத்தேன், தூசி பொல்லாதது.
மெத்தென்ற இடங்களில் பசையைச் சொட்டச் சொட்டக்
குடித்துக்கொண்டே இருந்தது.
நடுவே பிளந்து விரித்ததும்
இடது, வலதைக் கண்ணாடி பார்த்தது.
ஒரு முடிச்சு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
அதை அப்படியே விட்டேன்.

வந்தான். மாட்டிக்கொண்டான்.
ஐந்தாம் தந்தியை, அந்தத் தடியனை, ஒருமுறை தட்டினான்.
ஜன்னல் கண்ணாடி முனகியது,
டப்பாவில் திருகாணிகள் இடம் மாறின.
நல்ல ஆஷ். வேறொன்றுமில்லை,
என் காதுக்கு இருபது வருஷப் பழக்கம்.
அவனோ கண்ணை மூடி
வயிற்றால் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாற்பது யூரோ குறைந்தது.
லிஃப்ட் நின்றால் கூப்பிடு, கழித்துக்கொள்ளலாம் என்றான்.
என் பட்டறைக்கு மாடியே இல்லை.

மிச்சத் துண்டொன்று
மேஜைமேல் கிடக்கிறது, உள்ளங்கை அளவு.
சாவி மாட்டும் வளையத்துக்குக்கூட ஆகும்,
இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.
வேலை ஓடாத மாலைகளில்
ஸ்பிரிட் துணியால் ஒரு துடை.
கோடு எழும்பும்.
உலர உலர மங்கும்.
இன்னொரு துடை.