நார்மல்–3

டண்டீயில் பிப்ரவரி.
டே ஆற்றுப் பாலத்தைப் பனிமூட்டம்
பாதியில் விழுங்கிவிட்டது.
நான்காம் மாடியில், முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
இஷ்பெல் ரட்ரே தோல் வளர்க்கிறாள்.

ஒரு கிண்ணம் லாக்லனுடையது. ஏழு வயது, ஆர்ப்ரோத் பையன்.
முழங்கை மடிப்பில் துளைத்தெடுத்த
அரிசிமணி அளவு.
மற்றது ஒப்பிட்டுப் பார்க்க: 'நார்மல்–3'.
போன வருடம் ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில்
அவளே கொடுத்த தோல்.
படிவத்தில் கையெழுத்திட்டாள், சட்டைக்கையை இறக்கினாள்,
ஒரு பிஸ்கட் தின்றாள்.

முதல் சில நாள் செல்கள் நீருக்கடியில் சும்மா பெருகும்.
பிறகு நீர்மட்டத்தை இறக்கி
மேல்புறத்தைக் காற்றுக்குக் காட்ட வேண்டும்,
அவ்வளவுதான்.
காற்றுப் பட்டதும் கீழிருப்பவை ஏறத் தொடங்கும்.
படிக்கொரு மரபணு விழித்துக்கொண்டு
உத்தரவு போடும்:
நீ பிரிந்துகொண்டேயிரு.
நீ தட்டையாகு.
நீ கொழுப்பைச் சுரந்து இடுக்கை அடை.
நீ உன் உட்கருவைத் தின்றுவிடு.
உச்சிப் படியில் இருப்பவை எல்லாம் செத்தவை.
அந்தச் சாவுக்குத்தான் மேனி என்று பெயர்.
அதைத்தான் முத்தமிடுகிறோம்.

லாக்லனின் கிண்ணத்தில் உச்சி அமையவில்லை.
ஃபிலாக்ரின் என்றொரு புரதம்
வர வேண்டிய வேளையில் வரவில்லை.
தோலின் ஈரத்தைப் பிடித்துவைப்பவை அதன் உதிரிகள்.
மிக நீண்ட வாக்கியம் அது;
நான்கே எழுத்து உதிர்ந்ததில்
நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது,
தாய் தந்த பிரதியிலும், தந்தை தந்ததிலும்.

பூச்சு விட்ட சுவரில் தூசி நுழையும்,
பூனைமுடி நுழையும்.
காவலுக்கிருந்தவை பதறி எழும்.
வந்தது வெறும் தூசி என்று அவற்றுக்கு யார் சொல்வது?
வீட்டைக் காக்க வீட்டையே கொளுத்தும்.
அந்தச் சூட்டில், சுவர் பூச வேண்டிய மற்ற மரபணுக்களும்
குரல் தாழ்த்திக்கொள்ளும்.
இரவு மூன்று மணிக்கு, ஈரத்துணி சுற்றிய கை
உறக்கத்திலேயே சொறிகிறது.

அவன் அம்மா ஷோனா, மீன் புகையிடும் கொட்டகையில் வேலை.
ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறாள்:
சோப்பா? பாலா? வீட்டுக்கு நான் கொண்டுவரும் புகையா?
நான் எதைச் செய்யாமலிருந்திருக்க வேண்டும்?

வியாழக்கிழமை வரிசை வந்தது.
ஒழுங்குக்காக நார்மல்–3ஐயும் அனுப்பிவைத்திருந்தாள்.
திரையில் நான்கு நிறத்தில் சிகரங்கள்.
ஓரிடம் வரைக்கும் ஒரே ஆள் வாசிப்பதுபோல் தெளிவு.
அதற்குப் பின் இருவர்,
நான்கு எழுத்து முன்பின்னாக,
ஒருவர் மேல் ஒருவர் ஏறி.
குழாய் மாறியிருக்கும் என்று மறுபடி செய்தாள்.
மறுபடியும் அந்த இருவர்.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.
கசக்கி விரித்த காகிதம்போல் ரேகைகள், தேவைக்கு மேல்.
பிளேர்கவ்ரி சந்தையில் ஒருத்தி முன்பு கைபார்த்து,
"எத்தனை கடல் தாண்டப் போகிறாய்!" என்றாள்.
அவள் பெர்த்தைத் தாண்டியதில்லை.
நாற்பத்தொரு வருடத்தில்
குளிர்காலத்தில் கெண்டைக்கால் வறளும், அதுகூட
எல்லோருக்கும் வறளும் என்றே நினைத்திருந்தாள்.
ஒரு நல்ல பிரதி மிஞ்சியிருக்கிறது. சுவர் நின்றுவிட்டது.
இதே ஒற்றைப் பிரதியோடு வேறு சிலருக்கு
நிற்பதில்லையே, ஏன்?
தெரியாது.

பேராசிரியர் ட்ரம்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு வருடம்," என்றார்.
ஒரு வருடத்து வரைபடங்கள்,
எல்லாவற்றிலும் அவள்தான் அளவுகோல்.

ஆல்கஹால் பஞ்சால் கிண்ணத்தின் மூடியைத் துடைத்தாள்.
'நார்மல்' எளிதாகப் போய்விட்டது.
3 போகவில்லை; இருக்கட்டும் என்று விட்டாள்.

எல்லோரும் போன பின்
ஷோனாவின் கேள்விகளுக்குக் கீழே, பென்சிலாலேயே,
"நீங்கள் செய்த எதுவுமில்லை" என்று எழுதினாள்.
அதற்கும் கீழே
"என்னிடமும் இருக்கிறது" என்று எழுதி,
சற்று நேரம் பார்த்திருந்து,
ரப்பரால் அழித்தாள்.

அழித்த இடத்தில்
காகிதம் சொரசொரவென்று எழும்பி நின்றது.
விரல் அங்கேயே போய்ப் போய் வந்தது.