பூப்பாறைக்கு ஒன்பது வினாடி

போடியில் ராத்திரி போன கரண்ட்
திரும்பி வந்தபோது மணி மூன்று நாற்பது.
வந்த வேகத்தில் டிஸ்க் ஒன்றைத் தின்றிருந்தது.
மிஞ்சியது ஆடி மாதத்துப் பிரதி.
எங்கள் கணு
அறுபதாயிரம் பிளாக் பின்னால் கிடந்தது.

பத்து மணிக்கு ஏலம்.
எந்த ஏலக்காய் எந்தத் தோட்டம், எந்த ஸ்டோர்,
எத்தனை சதவீதம் ஈரம்,
கேட்டால் சொல்லியாக வேண்டும்.

நான் எழுதிய நிரல்தான். வெட்கமும் என்னுடையதே.
ஒரு கணுவிடம் ஒரு பிளாக் கேட்கும்,
வரும்வரை கைகட்டி நிற்கும்,
வந்ததும் அடுத்ததைக் கேட்கும்.
ரேஷன் கடையில்கூட யாரும் இப்படி நிற்பதில்லை.
பையை வரிசையில் போட்டுவிட்டு
டீ குடித்து வருவார்கள்.

வினாடிக்கு இரண்டு.
இந்தக் கணக்கில் மதியச் சோற்றுக்குத்தான் முடியும்.
வண்டன்மேட்டிலிருந்து ஷிஜோ போனில்,
"பவுனு சேச்சி, உறங்கியோ?"

நாலு மணிக்குத் திருத்தினேன்:
எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் கேள்.
இவருக்குப் பதினாறு, அவருக்கு அடுத்த பதினாறு.
முன்பின் வந்தாலும் வாங்கி வை, பிறகு அடுக்கலாம்.
யார் கொடுத்தது என்று பார்க்காதே,
கைரேகை பொருந்துகிறதா, அதைப் பார்.
இரண்டு வினாடியில் பதில் இல்லையா, மதிப்பெண் குறை.
மூன்று தடவை என்றால்
பட்டியலிலிருந்தே எடு.

முதலில் போனது பூப்பாறை.
மேட்டுக்கு அந்தப்புறம், மூடுபனிக்குள் ரேடியோ இணைப்பு.
ஸ்டோரில் டிரையர் ஓடினால் வோல்டேஜ் இறங்கும்.
வாய் திறக்கவே அதற்கு ஒன்பது வினாடி.
நீக்கியது நானல்ல,
நிரல்.

வினாடிக்கு நாற்பது, நாற்பத்தைந்து.
திரை முழுக்க மழை மாதிரி எண்கள்.
நான் பிஸ்கட் பிரித்தேன்.

நாலு இருபத்தெட்டுக்கு நின்றது.
மேலே எல்லாம் வந்துவிட்டது.
அடியில் நூற்றிப் பதினெட்டு பிளாக் ஓட்டை.
அதன்மேல் ஒன்றையும் ஒட்ட முடியாது,
ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சமும்
காற்றில் நின்றன.

ஏழு பேரிடமும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை.
இடம் போதவில்லையென்று
பழையதைக் கத்தரித்தவர்கள் எல்லோரும்.

பூப்பாறையைத் திரும்பச் சேர்த்தேன்.
ஒவ்வொன்றாகக் கேட்டால்
ஒன்பது வினாடி நூற்றிப் பதினெட்டு தடவை.
அதனால் ஒரே கேள்வியாகக் கேட்டேன்:
மொத்தமும் கொடு.

ஒன்று. இரண்டு. மூன்று.
கீழே ரோட்டில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் முதல் ஜீப்
ஹாரன் அடித்தது.
ஏழு. எட்டு.

பிறகு
ஒரே மூச்சில் வந்தது நூற்றிப் பதினெட்டும்,
ஒன்றுகூடப் பிசகாமல்.
தாமதம் வேறு, மெதுவு வேறு என்று
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

'எடு' என்ற வரியை அழித்து எழுதினேன்:
இவரிடம் நிறையக் கேள், எப்போதாவது கேள்,
இவருக்காக யாரையும் நிறுத்தாதே.

பத்து மணிக்கு ஏலம் நடந்தது.
நாற்பத்தாறாம் லாட்டில் ஈரம் கூடுதல் என்று
ஒருவர் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார்.
அது
கணுவின் பிரச்சினை இல்லை.