உள்தையல்

விடியற்காலை நாலே முக்கால்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, லேப் ஜன்னல்.
கடையாலுமூட்டிலிருந்து ஜீப்பில் வந்திருக்கிறார் தாசையன்,
ரப்பர் பால்வெட்டு, வயது நாற்பத்தாறு,
நெற்றியில் இன்னும் கழற்றாத ஹெட்லைட்,
இடது கணுக்காலில் இரண்டு புள்ளி.
‘அணலியாக்கும்’ என்கிறாள் கூட வந்தவள்.
சாக்குப்பையில் செத்த பாம்பும் வந்திருக்கிறது.
காவலாளி அதை மட்டும் உள்ளே விடவில்லை.

இரண்டு மில்லி ரத்தம்.
புதுக் கண்ணாடிக் குழாய்.
சோப்பு பட்ட குழாய் பொய் சொல்லும்.
ஸ்டாண்டில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது,
நான் உட்பட.

தொடாமல் இருப்பதே வேலை என்றால்
மனசு எங்காவது போகும்.
என்னுடையது குழாய்க்குள் போகிறது.

ஒவ்வொரு தட்டணுவுக்கும் ஒரு தோல்.
தோல் என்றால் எண்ணெய்ப் படலம், இரண்டு அடுக்கு.
தண்ணீரை விரும்பும் தலைகள் இருபுறமும்,
தண்ணீருக்குப் பயந்த வால்கள் நடுவே,
மழையில் ஒரே தார்ப்பாய்க்குள் நெருங்கிய ஆட்கள் போல.
பாஸ்போலிப்பிட்கள்.
அதில் செரின் தலை உள்ளவற்றைச்
செல் உள்பக்கமாகவே வைத்திருக்கும்.
அதற்கென்று ஆள் போட்டு,
வெளியே நழுவியதைத் திரும்ப இழுத்து,
சக்தி செலவழித்து, ராப்பகலாக.

காயம் பட்டால்தான் கதை மாறும்.
வெளியே ஒரு தட்டல்.
உள் அடுக்கில் இனோசிட்டால் லிப்பிட் ஒன்று
இரண்டாக வெட்டுப்படும்.
ஒரு துண்டு படலத்திலேயே தங்கும்.
மறுதுண்டு நீந்திப்போய்
கால்சியத்தின் கதவைத் திறக்கும்.
கால்சியம் பெருக, காவல் ஆள் கைவிட,
உள்பக்கம் புரண்டு வெளியே வந்துவிடும்.
செரின் தலைகள் ரத்தத்தைப் பார்த்து நிற்கும்.
அவ்வளவுதான் சேதி.
அதன் மேல்தான் உறைதல் வந்து உட்காரும்.

ஒன்பது நிமிடம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி லில்லிபாய்.
‘சிஸ்டரே, இது உறையணுமா, உறையாம இருக்கணுமா?’
‘உறையணும்.’
யோசிக்கிறாள்.
‘எங்க பால்ல ஆசிட் விட்டா உறையும்.
விடாட்டியும் சிரட்டையில கெடந்து உறையும்.
இதுக்கு ஒண்ணும் விட ஒக்காதா?’

ரப்பர் பாலின் துளிக்கும் லிப்பிட் தோல் உண்டு என்று
சொல்ல வாயெடுத்தவள், அப்போதுதான் பார்த்தேன்.
அவள் நைட்டி உள்வெளி மாறியிருந்தது.
தோளில் தையல் பிசிறு,
கழுத்தோரம் எட்டிப்பார்க்கும் கடை லேபிள்,
இடுப்பில் தொங்கும் பாக்கெட் துணி.
இருட்டில் கூப்பாடு கேட்டு
கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடியவள்.
இத்தனை தூரம் ஜீப்பில் யாரும் சொல்லவில்லை.
பார்த்தவுடன் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

பதினேழு. பதினெட்டு.
விஷத்துக்கு இந்தப் பாஷை நன்றாகத் தெரியும்.
அதிலுள்ள ஒரு கத்தி லிப்பிட்டின் வாலை நறுக்கும்.
நறுக்கிய வாலிலிருந்து வீக்கமும் வலியும் கிளம்பும்.
இன்னொன்று, காயமே இல்லாத இடத்திலெல்லாம்
உறை உறை என்று ஏவிவிட்டு
இருந்த சரக்கைத் தீர்த்துவிடும்.
பிறகு நிஜக் காயம் கூப்பிடும்போது
போவதற்கு ஆளிருக்காது.

இருபது.
சாய்த்தேன்.
தண்ணீர் மாதிரி ஓடியது.

போனில் டாக்டர் ஷெரினிடம் ஒரே வார்த்தை: உறையல.
விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏறியது.
எட்டு மணிக்கு என் டியூட்டி முடிந்தது.
தக்கலை பஸ் போனது, அடுத்ததும் போனது.
ஆறு மணி நேரம் கழித்து
புதுக் குழாய், மறுபடி இருபது.

‘வெட்டின பாலெல்லாம் ஒட்டுப்பாலா போயிருக்கும்,
பாதி வெலதான்’ என்றாள் லில்லிபாய்,
யாரிடமோ.

சாய்த்தேன். பிறகு தலைகீழாக.
ஓரத்தில் கொஞ்சம் கசிவு.
கருஞ்சிவப்புக் கட்டி இடம்விட்டு அசையவில்லை.
ஜன்னல் வழியாக நீட்டிக் காட்டினேன்.

நைட்டியை அவள் இன்னும் மாற்றவில்லை.
நானும் சொல்லவில்லை.
குழாயை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்,
தட்டில் ஷீட் உறைந்துவிட்டதா என்று
பார்க்கிறவள் மாதிரி.