கண்ணாடி ஒன்று குறைவு

ஆண்டுக்கு இரண்டு முறை வரும் படகில்
பல் நாற்காலியும் மடங்கிக்கொண்டு வரும்.
கிரீன்லாந்தின் இந்தத் தீவில்
பள்ளிக்கூட ஜிம்தான் என் ஆஸ்பத்திரி.
ஜன்னலில் ஒரு பனிப்பாறை
மெல்லப் புரண்டு படுக்கிறது.

இனூத்தெக் வாயைத் திறக்குமுன் தட்டைப் பார்க்கிறான்.
சீல் வேட்டைக்காரன், கருவி தெரிந்தவன்.
கொக்கி ஊசியைக் காட்டி, “இது?”
“சொத்தை எங்கே மெத்தென்றிருக்கிறது என்று
தட்டிக் கேட்க.”
தலையசைக்கிறான்.
கால் வைக்குமுன் கடல்பனியை அவனும்
இரும்புக் கழியால் அப்படித்தான் கேட்பான்.

இடுக்கியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

துளைக்கருவி இரையத் தொடங்கியதும்
மின்சாரம் போயிற்று.
நெற்றி விளக்கும் கரண்டிமுனையுமாக
மீதியைச் சுரண்டி எடுத்தேன்.
உறிகுழாய் ஓய்ந்துவிட, எச்சிலை அவனே
காப்பி டப்பாவில் துப்பிக்கொண்டான்.
பஞ்சுருளை கடித்த வாயால் ஏதோ சொன்னான்;
சிரிப்பு என்று பிறகுதான் புரிந்தது.

மாலையில் எண்ணினால் கண்ணாடி ஒன்று குறைவு.
துறையில் கண்டேன்:
படகு மோட்டாரின் அடிவயிற்றுக்குள்
அந்தக் குட்டி வட்டத்தை நுழைத்து
விரிசல் தேடிக்கொண்டிருந்தான்.

“ஆழமா?” என்றேன்.
நிமிராமலே சொன்னான்:
“பிடுங்க வேண்டாம்.
அடைத்தால் போதும்.”